ஆறு பாட்டில் கலெக்டர்

"மாப்ள, போர்பன் வந்துருச்சு" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு என் மகள் நேராக அடுப்படிக்குப் போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தாள். உள்ளே மாரி பிஸ்கட்தான் இருந்தது. "பொய் சொல்றீங்கப்பா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்த பிறகுதான் வீட்டில் அமைதி திரும்பியது. சாக்லேட் கிரீம் வைத்த அந்த பிஸ்கட்டும் சரி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து விஸ்கியும் சரி, எப்படிச் சுற்றி வந்தாலும் பிரான்சை ஆண்ட ஒரே ராஜ குடும்பத்தின் பெயரைத்தான் சுமக்கின்றன. இதை அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு வயது ஏழு.

நண்பனை இந்தப் பதிவு முழுக்க மாப்ள என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் அவன் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. மூன்று தலைமுறையாக மரக்கடை. தாத்தா காலத்தில் பர்மா தேக்கு, அப்பா காலத்தில் நிலம்பூர் தேக்கு, இவன் காலத்தில் பிளைவுட். அந்த வருத்தம் அவனுக்கு உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கைப்பிடி இழைப்புச் சுருளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் வேங்கையா, பலாவா, பூவரசா என்று சொல்லிவிடுவான். இந்த மூக்கு இல்லையென்றால் நான் போர்பன் பக்கமே போயிருக்க மாட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தான். நாகமலை புதுக்கோட்டையில் மாப்ள வீட்டு மொட்டை மாடி. ஐப்பசி மாசம், மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் என் வழக்கப்படி டம்ளரில் ஊற்றித் தண்ணீரைக் கலக்கப் போனேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான். டம்ளரைத் தூக்கி மோந்து பார்த்தான். மறுபடி மோந்தான். "கொப்பரை" என்றான்.

"என்னடா?"

"டேய், இது கொப்பரை. செக்குல போடுறதுக்கு முன்னாடி களத்துல காயுமே, அந்த வாசம். அதுக்கு அடியில மரம். ஆனா நம்ம ஊரு மரம் இல்ல."

போதை ஏறுவதற்கு முன்னாலேயே உளறுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். கொஞ்ச நாள் கழித்து வாசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பயபுள்ள சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தில் லாக்டோன் என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறது. அதன் வாசமே தேங்காய்தான். ஐரோப்பிய ஓக்கில் இருப்பதைவிட அமெரிக்க ஓக்கில் அது அதிகம். அமெரிக்காக்காரர்கள் தங்கள் குறிப்புகளில் கோகோநட் என்று எழுதுகிறார்கள். தேங்காயில் எத்தனை வாசம் இருக்கிறது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? இளநீர் வாசம் வேறு, துருவல் வாசம் வேறு, தாளித்த தேங்காய் எண்ணெய் வாசம் வேறு. போர்பனில் இருப்பது கொப்பரை. அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது.

போர்பனுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றமே இது எங்கள் நாட்டுத் தனிச் சரக்கு என்று தீர்மானம் போட்டது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கரியாகச் சுட்ட புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். வண்ணமோ வாசனையோ சேர்க்கக் கூடாது.

மக்காச்சோளம் என்றதும் எனக்குப் பேரையூர்தான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் டி.கல்லுப்பட்டி தாண்டிப் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் கரிசலில் மானாவாரி மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கும். பெரியப்பாவுக்கு அங்கே மூன்று ஏக்கர். 2018-ல் படைப்புழு வந்து குருத்தையெல்லாம் தின்றுவிட்டுப் போனபோது மனுஷன் வரப்பில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல வருஷத்தில் மூட்டை பிடித்து அனுப்பினால் அது நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போகும். போர்பன் எதில் காய்ச்சுகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கோழி திங்கிறதைக் காய்ச்சிப் பீப்பாய்ல போட்டு வச்சுட்டா ராசா பேரு வச்சிருவாய்ங்களோ?" என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை.

மீதித் தானியத்தில்தான் ஒவ்வொரு ஆலையும் தன் கைவரிசையைக் காட்டுகிறது. முளைகட்டிய பார்லி கொஞ்சம் எல்லாரும் போடுவார்கள். அதோடு ரை சேர்த்தால் காரம் கூடும், கோதுமை சேர்த்தால் மென்மையாக இருக்கும். ரை என்பதைச் சிலர் கம்பு என்று மொழிபெயர்க்கிறார்கள். தப்பு. அது கோதுமைக்குப் பங்காளி. கம்புக்கும் அதற்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை.

ஆனால் தானியம் பாதிக் கதைகூட இல்லை, மரம்தான் கதை என்பது மாப்ளயின் கட்சி. மரக்கடைக்காரன் வேறென்ன சொல்வான் என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். இப்போது நானும் அந்தக் கட்சியில்தான் இருக்கிறேன்.

வடிகலனிலிருந்து இறங்கும்போது சரக்கு தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். பாட்டிலில் நாம் பார்க்கிற செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது. ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கிற பீப்பாயின் உள்பக்கத்தை ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தீயில் காட்டுவார்கள். ஆழமாகச் சுட்டால் கரி வெடித்து முதலைத் தோல் மாதிரி ஆகிவிடும், அந்த அளவுக்குப் பெயரே முதலைக் கரி. கரிக்குப் பின்னால் இருக்கிற மரம் எரியாமல் சூடு மட்டும் ஏறி, அதில் இருக்கிற சர்க்கரை பாகாகிச் சிவந்து நிற்கும். மரத்தின் லிக்னின் உடைந்து வனிலாவின் வாசப் பொருளான வனிலின் உண்டாகும். கென்டக்கியின் கோடை சரக்கை மரத்துக்குள் தள்ளும், குளிர் வெளியே இழுக்கும். வருஷக்கணக்கில் இந்தப் போக்குவரத்து.

மாப்ளயிடம் இதைப் படித்துக் காட்டியபோது அவன் கேட்டது ஒரே கேள்வி. "ஒழுகாதா?"

நல்ல கேள்வி. மரம் என்பது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றுகிற குழாய்களின் கட்டு. எந்த மரத்தில் வேண்டுமானாலும் பீப்பாய் செய்ய முடியாது. வெள்ளை ஓக் வைரம் பாயும்போது அந்தக் குழாய்களுக்குள் சின்னச் சின்ன அடைப்புகள் வளர்ந்து மூடிக்கொள்கின்றன. சிவப்பு ஓக்கில் அப்படி மூடுவதில்லை, அதில் செய்தால் சரக்கு கசிந்துவிடும். அதனால் வெள்ளை ஓக், அதிலும் வைரப் பகுதி. இதைக் கேட்டதும் அவன் முகத்தில் வந்த திருப்தியை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அடுத்த வரியைப் படித்ததும் அது போய்விட்டது. ஒரு பீப்பாயை ஒரு தடவைதான் போர்பனுக்குப் பயன்படுத்த முடியும், அடுத்த சரக்குக்குப் புதுப் பீப்பாய் வேண்டும்.

"வைரம் பாஞ்ச மரத்தை ஒரு தடவை வச்சுட்டுத் தூக்கிப் போடுறாய்ங்களா? சட்டம் போட்டவன் வீட்டுக் கதவு நிலை எதுல செஞ்சிருப்பான்?"

தூக்கியெல்லாம் போடுவதில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். பழைய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறுகின்றன, மெக்சிகோவின் டெக்கீலாவுக்குப் போகின்றன, டபாஸ்கோ மிளகாய் சாஸ்கூட அதில்தான் ஊறுகிறது. நம் பக்கமும் வருகின்றன. பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் இரண்டிலும் பார்லி விஸ்கி பெரும்பாலும் முதிர்வது பழைய போர்பன் பீப்பாய்களில்தான். அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் கிளாஸ்கோவில் கொண்டுபோய் அறிமுகம் செய்தது. ஸ்காட்லாந்துக்காரனுக்கே விஸ்கி விற்கப் போன தைரியத்தை நான் மெச்சுகிறேன். பால் ஜான் 2012-ல் லண்டனில். இந்த இரண்டையும் குடிக்கும்போது வெங்காயச் சாக்கில் போட்டு வைத்த அரிசி மாதிரி அடியில் எங்கேயோ போர்பன் வாசம் வரும். மாப்ள அதையும் பிடித்துவிடுவான்.

வெயிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பீப்பாயில் வைத்த சரக்கு ஆவியாகிக் குறையும். குறைகிற பங்கைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் போகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் நம் நாட்டு மால்ட்டில் பன்னிரண்டு, பதினெட்டு வருஷம் என்று வயது போட்டு விற்பது அபூர்வம், நாலைந்து வருஷத்திலேயே மரம் வேண்டியதைக் கொடுத்துவிடும். அப்படியானால் மதுரையில் ஒரு பீப்பாய் வைத்தால்? "சித்திரைத் திருவிழாக் கூட்டம் மாதிரி தேவதைங்க வந்து இறங்கிருவாய்ங்கடா. நமக்குப் பீப்பாய்தான் மிஞ்சும்" என்றான். சொல்லிவிட்டு, அந்தப் பீப்பாயில் என்ன சாமான் செய்யலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தான்.

சரி, நாங்கள் எப்படி ருசி பார்க்கிறோம் என்று சொல்கிறேன். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆளுக்கு 30 மில்லி வீதம் இரண்டு வகை. அதற்கு மேல் மூக்கும் வேலை செய்யாது, வீட்டிலும் வேலை நடக்காது. முதலில் டீக் கிளாஸில் ஊற்றினோம். வாய் அகலம் என்பதால் வாசம் நிற்கவில்லை, ஸ்பிரிட் நெடிதான் முகத்தில் அடித்தது. வாய் குறுகி அடி அகன்ற கிளாஸ் வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. மாப்ள அவன் அம்மாவின் சாமி அறையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பை எடுத்து வந்தான். வடிவம் கச்சிதம்! அடி அகலம், கழுத்து குறுகல். வாசம் அழகாகத் தேங்கி நின்றது. மறுநாள் அந்தச் சொம்பில் தீர்த்தம் வைத்த அவன் அம்மா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. இப்போது வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் இரண்டு வாங்கிவிட்டோம்.

தண்ணீர் ஒரு பெரிய விஷயம். கென்டக்கி சுண்ணாம்புப் பாறை பூமி. பாறையில் வடிந்து வருகிற தண்ணீரில் இரும்பு இருக்காது, கால்சியம் இருக்கும், விஸ்கிக்கு அது நல்லது என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் போர்த் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தோம். கிளாஸில் உப்பு ஏரி. கேன் தண்ணீர்தான் சரி. 60 சதவீதத்துக்கு மேல் இருக்கிற சரக்கானால் சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் மூடிக்கிடந்த வாசம் திறப்பதைக் கண்கூடாக, இல்லை, மூக்குக்கூடாகப் பார்க்கலாம்.

இந்தச் சதவீதக் கணக்கில் ஒரு குழப்பம் உண்டு. நம் ஊர்க் குவார்ட்டர் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதென்ன எண்ணெய்க்கடைக் கணக்கு என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பிரிட்டிஷ் புரூப் அளவில் அது சரியாக 75 டிகிரி. அவன் போய்விட்டான், அவன் முழத்துண்டு மட்டும் இங்கே கிடக்கிறது. அமெரிக்க புரூப் வேறு. அது சதவீதத்தின் இரண்டு மடங்கு. ஒயில்டு டர்க்கி 101 என்றால் 50.5 சதவீதம்.

முதல் வருஷம் நாங்கள் அமெரிக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் ருசி பார்த்தோம். பட்டர்ஸ்காட்ச், மேப்பிள் சிரப், செர்ரி, தோல் சோபா, மார்ஷ்மெல்லோ. மேப்பிள் சிரப்பை நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன், அதுவும் பெங்களூர் ஓட்டல் ஒன்றில் தோசை மாதிரி ஒன்றின் மேல் ஊற்றிக் கொடுத்தது. மார்ஷ்மெல்லோவை மாப்ள பார்த்ததே இல்லை. இல்லாத ருசியை நாக்கில் தேடித் தேடி இருவருக்கும் அலுத்துப்போனது. ஒரு நாள் அவன் கடுப்பாகிச் சொன்னான்: "நம்ம நாக்கு மதுரைல வளந்த நாக்கு. அதுக்குத் தெரிஞ்சதைத்தானே அது சொல்லும்? அதுட்ட கேளு." அன்றைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். என் பொண்டாட்டி அதைப் பார்த்துவிட்டு, "குடிக்கிறதுக்கு டிக்‌ஷனரி எழுதுற ஆளுங்களை இப்பத்தான் பாக்குறேன். அண்ணே, நீங்களுமா?" என்றாள். "தங்கச்சி, இது ஆராய்ச்சி" என்றான் அவன். அவள் நம்பவில்லை.

நோட்டிலிருந்து சில வரிகள். கையெழுத்து மாப்ளயுடையது.

மேக்கர்ஸ் மார்க்: பருத்திப்பால். சுக்கு கம்மி. கடைசியா ஏலக்காய்த் தோல். (ரைக்குப் பதில் கோதுமை போட்டது இது. பாட்டில் கழுத்தில் சிவப்பு அரக்கு ஒழுகி நிற்கும்.)

ஒயில்டு டர்க்கி 101: சுக்கு தூக்கல். பட்டறைல வாள் சூடாகிற வாசம்.

எலைஜா கிரெய்க்: கருப்பட்டிக் காப்பி, ஆறிப்போனது. ஆறினாலும் நல்ல காப்பி.

ஓல்டு ஃபாரஸ்டர்: சிறுமலைப் பழம், தோல் கறுத்தது.

இந்தச் சிறுமலைப் பழத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. ஈஸ்ட் புளிக்கும்போது உண்டாகிற ஐசோஅமைல் அசிடேட் என்கிற பொருள்தான் வாழைப்பழத்துக்கும் வாசம் தருகிறது. ஓல்டு ஃபாரஸ்டர் 1870-ல் தொடங்கிய பெயர். பீப்பாயிலிருந்து அளந்து விற்றுக் கலப்படம் நடந்துகொண்டிருந்த காலத்தில், முத்திரை போட்ட பாட்டிலில் மட்டும் விற்ற முதல் போர்பன் அது. ஃபோர் ரோசஸ் பற்றி மாப்ள எழுதியது பன்னீர் சோடா. பெயரில் ரோஜா இருப்பதால் எழுதிவிட்டான் என்று நான் சண்டை போட்டேன். இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட், ஆகப் பத்து வகை சரக்கு காய்ச்சுகிற ஆலை அது. அந்த ஈஸ்ட்டுகளில் ஒன்று பூ வாசம் தருவது என்று அவர்களே சொல்கிறார்கள் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிளான்டன்ஸ் என்கிற போர்பனுக்கு மட்டும் அவன் நாலு வரி எழுதியிருக்கிறான். ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் சூடாக அல்வா வாங்கி இலைத்துண்டில் வைத்துத் தின்ற பிறகு, இலையில் மிஞ்சியிருக்கிற நெய்யை விரலால் வழித்து நக்குகிற ருசி என்பது அதன் சாரம். அதைப் படித்தால் எனக்குப் பாட்டில் வேண்டாம், அல்வா போதும் என்று தோன்றும்.

சேகரிப்புக்கு வருகிறேன். "நான் ஒரு கலெக்டர்" என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லப்போய், பக்கத்து இலைக்காரர் எழுந்து கும்பிட்டு முதியோர் பென்ஷன் மனுவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வார்த்தையை வெளியில் சொல்வதில்லை. யூடியூபில் அமெரிக்கக் கலெக்டர்களின் நிலவறைகளைப் பார்த்தால் நூலகம் மாதிரி இருக்கும், சுவர் முழுக்க பாட்டில். தமிழ்நாட்டில் அது நடக்காது. 21 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு மது 4.5 லிட்டர். அதாவது 750 மில்லி பாட்டில் ஆறு. ஆறே ஆறு. ஏழாவது பாட்டில் வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் ஒன்று முடிய வேண்டும்.

முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போது இந்த விதியை ஆதரிக்கிறேன். திறக்காத பாட்டிலை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வட்டிக்கடைக்காரன் அடகு நகையைப் பார்க்கிற மாதிரிதான் படுகிறது. பப்பி வான் விங்கிள் என்று ஒன்று இருக்கிறது. கோதுமை போர்பன், 20 வருஷம், 23 வருஷம் வைத்தது. அங்கே லாட்டரி குலுக்கல் வைத்துத்தான் விற்கிறார்கள். 2013-ல் அந்தப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக ஆலையிலிருந்தே காணாமல் போயின. 2015-ல் ஒன்பது பேர் மேல் வழக்கு, அதில் ஆலை ஊழியரும் உண்டு. நம் ஊர்ச் சிலைத் திருட்டை மிஞ்சுகிற பரபரப்பு. அதே ஆலையில், அதே கோதுமை வகையில் காய்ச்சுகிற வெல்லர் என்ற தம்பி பாட்டில் ஒன்று எங்களுக்கு ஒரு தடவை கிடைத்தது. நோட்டில் "நல்லாருக்கு. ஆனா திருடுற அளவுக்கு இல்ல" என்று இருக்கிறது.

அபூர்வம் என்பதே தூரத்தைப் பொறுத்ததுதான். அங்கே கடைக்குக் கடை கிடைக்கிற ஒயில்டு டர்க்கி 101 எங்களுக்கு அபூர்வம். நம் ஊர்க் கடைகளில் அமெரிக்கச் சரக்கு என்றால் பெரும்பாலும் ஜிம் பீம், ஜாக் டேனியல்ஸ் (இது தன்னைப் போர்பன் என்று சொல்லிக்கொள்ளாது, டென்னசி விஸ்கி என்றே சொல்லும்). 2025 பிப்ரவரியில் போர்பனுக்கு இறக்குமதி வரியை 150-லிருந்து 100 சதவீதமாகக் குறைத்தார்கள். மாநில வரி அதற்கு மேல் தனி. ஆகவே எங்கள் வழி, ஊருக்கு வருகிற சொந்தபந்தம். ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். யார் எப்போது சிங்கப்பூரிலிருந்து, துபாயிலிருந்து வருகிறார்கள் என்பது மாப்ளக்கு முகூர்த்த நாள் மாதிரி மனப்பாடம். அவர்கள் கேட்கிற கைமாறு முறுக்கும் கருப்பட்டி மிட்டாயும். நல்ல பண்டமாற்று.

அப்படி வந்த ஒரு பாட்டிலை நாங்கள் கெடுத்த கதை இது. பார்க்கப்போனால் கெடுத்தது நான்தான். ஒயின் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்கேயோ படித்தது மண்டையில் இருந்தது. பொண்டாட்டியின் பட்டுச் சேலைகளுக்கு நடுவே, பீரோவின் மேல் தட்டில், ஒரு நல்ல பாட்டிலைப் படுக்க வைத்தேன். பங்குனியில் வைத்தது. அக்னி நட்சத்திரம் முடிந்து எடுத்தால் பாட்டில் தோள்பட்டை வரை இறங்கியிருந்தது. கார்க்கைத் திருகினேன், கையோடு பாதி வந்தது, மீதி உள்ளே ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்து மிதந்தது. விஸ்கியை நிற்க வைத்துத்தான் வைக்க வேண்டும். அத்தனை சதவீத ஆல்கஹால் நாள்பட கார்க்கைத் தின்றுவிடும். போதாததற்கு நம் வெயில், உள்ளே இருக்கிற காற்றை விரித்துச் சரக்கை வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. டீ வடிகட்டியில் வடித்துக் குடித்தோம். நோட்டில் பதிவு: "சாக்கு." கல்யாணச் சேலையிலிருந்து கொப்பரை வாசம் போக மூன்று தடவை டிரை கிளீனிங் கொடுத்தேன். இப்போது பாட்டில்கள் மாப்ள வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில், இருட்டில், அட்டைப் பெட்டியில் நின்றுகொண்டிருக்கின்றன. திறந்த பாட்டிலை ஆறு மாசத்துக்கு மேல் இழுப்பதில்லை.

இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று எனக்கே ஒரு உறுத்தல் உண்டு. எங்கள் தெருவில் குடி அழித்த வீடுகள் மூன்றை என்னால் கைகாட்ட முடியும். காலையில் கடை திறக்கக் காத்து நிற்கிறவரிடம் போய் வனிலின், லாக்டோன் என்று பேச முடியுமா? 30 மில்லியை மோந்து பார்த்துக் குடிப்பதால் நான் உசத்தி ஆகிவிடவில்லை. குடியைத் தடை செய்தும் பார்த்தாயிற்று, இங்கேயும் அங்கேயும். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை. போர்பன் ஆலைகள் அப்போது பெரும்பாலும் இழுத்து மூடப்பட்டன. ஆறே ஆறு கம்பெனிகளுக்கு மட்டும் மருந்து விஸ்கி விற்க உரிமம். டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும். இங்கேயும் பெர்மிட் என்று ஒன்று இருந்தது. மாப்ளயின் தாத்தா வைத்திருந்தாராம். "உங்க தாத்தாவுக்கு என்ன வியாதி?" என்று கேட்டேன். "சாயங்காலம் ஆறு மணி வியாதி" என்றான்.

கடைசியாகக் குதிரைக் கதை. பிளான்டன்ஸ் பாட்டிலின் மூடியில் ஒரு குட்டி உலோகக் குதிரை இருக்கும், மேலே ஜாக்கியோடு. 1984-ல் ஒற்றைப் பீப்பாய்ச் சரக்காக வந்த பெயர் அது. ஒரு பீப்பாயை இன்னொன்றோடு கலக்காமல் அப்படியே பாட்டிலில் அடைப்பது. 1999-லிருந்து மூடிகள் எட்டு வகை. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, எட்டையும் சேர்த்தால் பிளான்டன்ஸ் என்று வரும். வரிசையாக வைத்தால் குதிரை நிற்பதிலிருந்து பாய்ந்து ஓடிப் பந்தயம் முடிப்பது வரை சினிமாச் சுருள் மாதிரி தெரியும். ஆறு வருஷத்தில் எங்களுக்கு நான்கு கிடைத்திருக்கின்றன: எல், ஓ, என், என். இரண்டு என் வந்ததும் மாப்ள நொந்துபோனான். அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒன்றின் பக்கத்தில் இரண்டு புள்ளி. பெயரில் இரண்டு என் வருவதால் இரண்டாவதற்கு அடையாளம் அது. அன்றைக்கு அவன் பட்டறை ஆட்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

நான்கு குதிரைகளும் அவன் வீட்டு ஷோகேஸில், விளாச்சேரியில் வாங்கிய மண் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. போன மாசம் அவன் அம்மா தூசி துடைக்கும்போது ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொம்பு விவகாரத்தை அவர் மறந்துவிட்டார் என்று நம்பி நாங்கள் இருவரும் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம்.

"இது எந்த ஊரு அய்யனாரு குதிரைப்பா?"

"கென்டக்கிம்மா."

"அது எங்கிட்டு இருக்கு? சிவகங்கைப் பக்கமா?"

"ஆமாம்மா" என்றான் மாப்ள. "கொஞ்சம் தள்ளி."